பாதை தயார், ரெயில் எங்கே?

பெங்களூர் ‘மஞ்சள் பாதை’ 11 ஆண்டு இழுத்த கதை

பாலம் கட்டியாகிவிட்டது. தண்டவாளம் பதித்தாகிவிட்டது. ரெயில் நிலையங்களும் எழும்பி நின்றன. ஆனால் அந்தப் பாதையில் ஓடுவதற்கு ரெயில் இல்லை!

இந்த விசித்திரம் நடந்த இடம் பெங்களூர் ஓசூர் ரோடு. தினமும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் வேலைக்குப் போய் வரும் அதே ரோடுதான்.

ஆர்.வி.ரோட்டில் இருந்து சில்க் போர்டு, எலெக்ட்ரானிக் சிட்டி வழியாக பொம்மசந்திரா வரை செல்லும் இந்த மெட்ரோ ரெயில் பாதைக்கு ‘மஞ்சள் பாதை’ என்று பெயர். நீளம் 19 கிலோ மீட்டருக்கு சற்று அதிகம். மொத்தம் 16 நிலையங்கள். செலவு சுமார் ரூ.7 ஆயிரத்து 160 கோடி.

மத்திய அரசு இதற்கு அனுமதி கொடுத்தது 2014-ம் ஆண்டு தொடக்கத்தில். பிரதமர் நரேந்திர மோடி கொடி அசைத்து முதல் ரெயில் புறப்பட்டது 2025-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி. இடையில் பதினொன்றரை ஆண்டுகள் ஓடிவிட்டன. 2014-ல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, ரெயில் ஓடும்போது பிளஸ்-2 எழுதத் தயாராகிக் கொண்டிருந்தான்!

ஏன் இத்தனை தாமதம்? தாமதத்துக்கு விலை கொடுத்தது யார்?

பழைய கனவு

பெங்களூருக்கு நகர ரெயில் வேண்டும் என்ற பேச்சு புதிது அல்ல. 1983-ம் ஆண்டிலேயே தெற்கு ரெயில்வேயின் திட்டக் குழு ஒன்று ஆய்வு நடத்தி, நகருக்குள் ரெயில் பாதைகளும், புறநகர் ரெயில்களும், நகரைச் சுற்றி ஒரு வட்ட ரெயில் பாதையும் வேண்டும் என்று சிபாரிசு செய்தது. அந்த அறிக்கை அலமாரிக்குப் போனது.

1994-ம் ஆண்டு கர்நாடக அரசு இதற்காகவே தனி கம்பெனி ஒன்றைத் தொடங்கியது. அப்போது பேசப்பட்டது ‘லைட் ரெயில்’ என்னும் இலகு ரெயில். ரோட்டுக்கு மேலே தூண்களில் ஓடும் சிறிய ரெயில் அது. தனியாரோடு சேர்ந்து நடத்தலாம் என்று ஒப்பந்தமும் பேசினார்கள். ஒரு தூண் கூட எழும்பவில்லை.

பிறகு டெல்லி மெட்ரோவைப் பார்த்து, பெங்களூரும் மெட்ரோ ரெயிலுக்கு மாறியது. 2006-ம் ஆண்டு ஜூன் மாதம் அன்றைய பிரதமர் மன்மோகன்சிங் அடிக்கல் நாட்டினார். 2011-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி எம்.ஜி.ரோடு முதல் பையப்பனஹள்ளி வரை முதல் ரெயில் ஓடியது. முதல் கட்டமான 42 கிலோ மீட்டர் முழுவதும் முடிய 2017-ம் ஆண்டு ஜூன் மாதம் ஆகிவிட்டது.

அந்த முதல் கட்டத்தில் ஓசூர் ரோட்டுக்கு இடம் இல்லை.

கூட்டம் இருந்த இடம்

ஆனால் கூட்டம் இருந்தது ஓசூர் ரோட்டில்தான். 1970-களின் கடைசியில் எலெக்ட்ரானிக் சிட்டி உருவானது. பொம்மசந்திரா, ஹெப்பகோடி பகுதிகளில் தொழிற்பேட்டை வளர்ந்தது. பொம்மனஹள்ளி, ஒங்கசந்திரா பக்கம் ஆயத்த ஆடை தொழிற்சாலைகள் பெருகின. கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், வேலூர் பக்கங்களில் இருந்து பிழைக்க வந்தவர்கள் இந்த ரோட்டின் இரு பக்கங்களிலும் குடியேறினார்கள். ஓசூரில் குடியிருந்துகொண்டு தினமும் பஸ்சில் வருபவர்கள் வேறு.

2010-ம் ஆண்டு சில்க் போர்டு பக்கத்தில் இருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு சுமார் 10 கிலோ மீட்டர் நீளத்துக்கு மேம்பாலச் சாலை திறந்தார்கள். சுங்கம் கட்டினால் மேலே பறக்கலாம். கட்ட முடியாதவர்கள் கீழேதான். கம்பெனி வேலைக்குச் செல்பவர் காரில் மேலே போனார். அதே கம்பெனியில் காவலுக்கும், கேன்டீனுக்கும், துப்புரவுக்கும் செல்பவர் கீழே சிக்னலில் நின்றார்.

சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல் ஊரே கேலி பேசும் அளவுக்கு ஆனது. ஆனால் காலை ஷிப்டுக்கு ஐந்து நிமிடம் தாமதமாகப் போனால் சம்பளத்தில் கைவைக்கும் தொழிற்சாலைக்கு ஓடுபவருக்கு அது கேலி அல்ல.

எனவே 2014-ம் ஆண்டு இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி கிடைத்து, அதில் பொம்மசந்திரா பாதையும் இருக்கிறது என்ற செய்தி வந்தபோது, ஓசூர் ரோடு மகிழ்ந்தது. ஐந்து ஆண்டுகளில் முடியும் என்பது அப்போது போட்ட கணக்கு.

இடித்துக் கட்டிய பாலம்

முதல் தாமதம் மண்ணில் தொடங்கியது. நிலம் எடுக்க வேண்டும். குடிநீர்க் குழாய், சாக்கடை, மின்சார கேபிள் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ரோட்டை மூடாமலே தூண் எழுப்ப வேண்டும்.

ராகிகுட்டாவில் இருந்து சில்க் போர்டு வரை சுமார் 3 கிலோ மீட்டருக்கு அடுக்குப் பாலம் கட்டினார்கள். கீழே பழைய ரோடு. அதற்கு மேல் வாகனங்களுக்கு ஒரு மேம்பாலம். அதற்கும் மேல் ரெயில். யோசனை நல்லதுதான். ஆனால் ஒரே தூணில் இரண்டு வேலை என்பதால் ரெயில் பாதையின் வேகம், ரோட்டுப் பாலத்தின் வேகத்தோடு கட்டிப்போடப்பட்டது. அந்த மேம்பாலத்தின் ஒரு பக்கம் 2024-ம் ஆண்டு ஜூலை மாதம்தான் திறக்கப்பட்டது.

ஜெயதேவா இதய நோய் ஆஸ்பத்திரி சந்திப்பில் ஏற்கனவே ஒரு மேம்பாலம் இருந்தது. மெட்ரோவுக்கு இடைஞ்சல் என்று அதை 2020-ம் ஆண்டு ஜனவரி மாதம் இடிக்கத் தொடங்கினார்கள். கட்டியதை இடித்து மீண்டும் கட்டும் வேலை! ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இருந்து நெஞ்சு வலிக்கு வைத்தியம் பார்க்க வந்தவர்கள் அந்தத் தூசியையும் பள்ளத்தையும் கடந்துதான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார்கள்.

அதே 2020-ம் ஆண்டு கொரோனா வந்தது. ஊரடங்கில் வேலை நின்றது. வடமாநிலங்களில் இருந்து வந்திருந்த கட்டுமானத் தொழிலாளர்கள் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள்.

இத்தனைக்குப் பிறகும் பாலம் ஒருவழியாக எழும்பிவிட்டது. ஆனால் எதிர்பாராத இடத்தில் முட்டுக்கட்டை விழுந்தது.

சீனாவில் சிக்கிய பெட்டிகள்

மெட்ரோ ரெயில் கழகம் 2019-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 216 பெட்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. ஆறு பெட்டி சேர்ந்தால் ஒரு ரெயில். 216 பெட்டி என்றால் 36 ரெயில்கள். அதில் 15 ரெயில்கள் மஞ்சள் பாதைக்கு. மீதி 21 ரெயில்கள் ஏற்கனவே ஓடும் ஊதா, பச்சைப் பாதைகளுக்கு. ஆர்டரைப் பெற்றது சி.ஆர்.ஆர்.சி. என்ற சீன கம்பெனி. மதிப்பு ரூ.1,578 கோடி.

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. மாதிரிக்கு வரும் முதல் ரெயில்களைத் தவிர, மற்றவை இந்தியாவிலேயே தயாராக வேண்டும். அதற்கு அந்த கம்பெனி இங்கே தொழிற்சாலை அமைக்க வேண்டும்.

2020-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. நமது எல்லையை ஒட்டிய நாடுகளின் கம்பெனிகள் இந்தியாவில் முதலீடு செய்ய அரசின் முன் அனுமதி வேண்டும் என்பது அந்த உத்தரவு. ஜூன் மாதம் லடாக் கல்வான் பள்ளத்தாக்கில் மோதல் நடந்து நமது வீரர்கள் உயிர்த் தியாகம் செய்தார்கள். அதன் பிறகு சீன கம்பெனி இந்தியாவில் தொழிற்சாலை கட்டுவது எங்கே?

எல்லையில் நடந்த மோதல் வேறு விஷயம்; நாட்டின் பாதுகாப்புக்கு அரசு எடுத்த முடிவில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த முடிவு வந்த மறுநாளே, ‘அப்படியானால் பெட்டிகளுக்கு வேறு என்ன வழி?’ என்ற கேள்விக்கு விடை தேடி இருக்க வேண்டும். நோட்டீஸ் போனது, பதில் வந்தது, மீண்டும் நோட்டீஸ் போனது. பெட்டி வரவில்லை.

கடைசியில் சீன கம்பெனி, மேற்கு வங்காளத்தில் உள்ள டிட்டாகர் கம்பெனியோடு கைகோர்த்தது. பெட்டிகள் அங்கே தயாராகும் என்று ஏற்பாடு ஆயிற்று. ரெயில்வே வாகன்கள் செய்து பழகிய கம்பெனி அது. ஆனால் புதிய வகை மெட்ரோ பெட்டிக்கு புதிய அச்சுகளும், எந்திரங்களும், பயிற்சியும் வேண்டும். தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்க வேண்டிய சீன என்ஜினீயர்களுக்கு விசா கிடைப்பதிலும் காலதாமதம் ஏற்பட்டது.

இப்படி ஒன்றன்பின் ஒன்றாக ஆண்டுகள் கழிந்தன.

சென்னை துறைமுகம் வழியாக

முதல் மாதிரி ரெயில் சீனாவில் இருந்து கப்பலில் ஏறி, சென்னை துறைமுகத்தில் இறங்கியது. அங்கிருந்து டிரெய்லர் லாரிகளில் ஆறு பெட்டிகளும் ரோடு வழியாகவே பயணம் செய்து, 2024-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி ஹெப்பகோடி பணிமனைக்கு வந்து சேர்ந்தன.

சென்னையில் இருந்து பெங்களூருக்கு ரெயில் பாதை இருக்கும்போது, ரெயில் பெட்டியை ஏன் லாரியில் ஏற்ற வேண்டும் என்று கேட்கலாம். காரணம் எளிது. நமது ரெயில்வேயின் அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மில்லி மீட்டர் இடைவெளி. பெங்களூர் மெட்ரோவில் 1,435 மில்லி மீட்டர்தான். எனவே மெட்ரோ பெட்டி சொந்தச் சக்கரத்தில் வர முடியாது.

இன்னொரு கேள்வியும் அப்போது எழுந்தது. ஊதா, பச்சைப் பாதைகளில் ஓடும் ரெயில்களில் நான்கைக் கொண்டுவந்து இங்கே ஓட்டக்கூடாதா? முடியாது. மஞ்சள் பாதையின் சிக்னல் முறை வேறு. டிரைவர் இல்லாமலே ஓடக்கூடிய வகையில், ரெயிலும் கட்டுப்பாட்டு அறையும் ரேடியோ மூலம் ஓயாமல் பேசிக்கொள்ளும் முறை அது. பழைய ரெயில்களுக்கு அந்த பாஷை தெரியாது. மேலும் அந்தப் பாதைகளிலேயே நிற்க இடம் இல்லாத கூட்டம். அங்கேயும் கூடுதல் ரெயில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவசரப்பட முடியாத வேலை

ரெயில் வந்துவிட்டால் மறுநாளே ஆட்களை ஏற்றிவிட முடியாது. புதிய வகை ரெயில் என்றால் முப்பதுக்கும் மேற்பட்ட சோதனைகள் உண்டு. பிரேக் போட்டால் எத்தனை மீட்டரில் நிற்கிறது? வளைவில் எவ்வளவு ஆடுகிறது? ஆட்கள் நிறைந்த கனத்துக்கு மணல் மூட்டை ஏற்றினால் எப்படி ஓடுகிறது? சிக்னல் அறுந்தால் தானாக நிற்கிறதா? ரெயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பு ஓட்டிப் பார்க்க வேண்டும். ரெயில்வே போர்டு ஒப்புதல் தர வேண்டும். கடைசியாக ரெயில் பாதுகாப்பு கமிஷனர் நேரில் வந்து பார்த்து சான்று வழங்க வேண்டும்.

அந்த கமிஷனர் ரெயில்வே இலாகாவின் கீழ் வேலை செய்பவர் அல்ல. விமானப் போக்குவரத்து இலாகாவின் கீழ் வருபவர். ரெயில் ஓட்டுபவரே ரெயிலுக்கு நற்சான்று கொடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக பல காலமாக இருந்து வரும் ஏற்பாடு இது.

இந்தச் சோதனைகளில் போகும் மாதங்களை யாரும் குறை சொல்லக் கூடாது. ஏறுவது மனிதர்கள். தாமதம் நடந்தது சோதனையில் அல்ல. சோதனைக்கு ரெயில் வந்து சேர்வதற்கு முன்பு.

இரண்டாவது ரெயில் 2025-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி மேற்கு வங்காளத்தில் இருந்து புறப்பட்டு பிப்ரவரியில் வந்தது. மூன்றாவது ரெயில் மே மாதம் வந்தது. 15 ரெயில் ஓட வேண்டிய பாதையில் மூன்றே ரெயில்!

மூன்றை வைத்துக்கொண்டு திறக்கலாமா, இன்னும் சில ரெயில்கள் வரட்டும் என்று காத்திருக்கலாமா என்று விவாதம் நடந்தது. ‘ஓடாத பதினைந்தை விட ஓடுகிற மூன்று மேல்’ என்று பயணிகள் சொன்னார்கள். ஜூலை மாதம் தொகுதி எம்.பி. தேஜஸ்வி சூர்யா தலைமையில் ஆர்ப்பாட்டம் நடந்தது. மத்திய அரசு மீது மாநிலமும், மாநில அரசு மீது எதிர்க்கட்சியும் குற்றம் சாட்டின. ஜூலை மாதக் கடைசியில் பாதுகாப்பு கமிஷனரின் ஆய்வு முடிந்தது. ஆகஸ்டு 11-ந் தேதி பொதுமக்கள் ஏறினார்கள்.

அன்று ஒரே நாளில் நகரம் முழுவதும் மெட்ரோவில் பயணம் செய்தவர்கள் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது. தேவை எவ்வளவு இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

25 நிமிட ரெயில்

ஆனால் மூன்று ரெயில் என்பதால் 25 நிமிடத்துக்கு ஒன்றுதான் விட முடிந்தது. ஒன்றைத் தவறவிட்டவர் 25 நிமிடம் நிற்க வேண்டும். அதற்குள் பஸ்சே பாதி தூரம் போய்விடும்.

செப்டம்பரில் நான்காவது ரெயில் சேர்ந்தது. 19 நிமிடம் ஆயிற்று. நவம்பர் 1-ந் தேதி ஐந்தாவது, 15 நிமிடம். டிசம்பரில் ஆறாவது, 12 நிமிடம். ஒவ்வொரு ரெயில் சேரும்போதும் காத்திருப்பு எப்படிக் குறைகிறது என்பதைப் பார்த்தால், பெட்டிகள் காலத்தோடு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது தானாகப் புரியும்.

தாமதத்தின் கூலி

தாமதத்தால் திட்டச் செலவு ஏறுகிறது என்று அறிக்கைகளில் எழுதுவார்கள். அது அரசாங்கத்தின் கணக்கு. தொழிலாளியின் கணக்கு வேறு.

முதல் ரெயில் ஹெப்பகோடி வந்து சேர்ந்த நாளில் இருந்து பயணிகள் ஏறிய நாள் வரை 18 மாதங்கள். ரெயில் ஓடியிருந்தால் போகவர நாள் ஒன்றுக்கு ஒரு மணி நேரம் மிச்சம் என்று வைத்துக்கொண்டால், மாதம் 25 வேலை நாளுக்கு 25 மணி நேரம். 18 மாதத்துக்கு 450 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்டாகப் பார்த்தால் 56 நாட்கள். ஒரு தொழிலாளி கூலி இல்லாமல் இரண்டு மாதம் ரோட்டில் வேலை பார்த்ததற்கு சமம்! அதுவும் கடைசி 18 மாதத்துக்கு மட்டும் போட்ட கணக்கு. அதற்கு முந்திய ஆண்டுகளைச் சேர்க்கவில்லை.

இந்த நஷ்டத்தை எந்த ஒப்பந்தத்திலும் எழுதுவது இல்லை. கேட்டு வாங்கவும் இடம் இல்லை.

ரெயில் வந்தபோது கட்டணமும் மாறியிருந்தது. 2025-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி முதல் பெங்களூர் மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் ரூ.60-ல் இருந்து ரூ.90 ஆக உயர்ந்தது. குறைந்தபட்சம் ரூ.10. ஸ்மார்ட் கார்டு வைத்திருந்தால் சிறு தள்ளுபடி உண்டு. ரெயில்வேயில் இருப்பது போல தொழிலாளிக்குக் கைகொடுக்கும் மாத சீசன் டிக்கெட், மஞ்சள் பாதை திறந்தபோது மெட்ரோவில் இல்லை.

இன்னொரு பக்கம், 2023-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி முதல் கர்நாடக அரசு பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம். ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை காட்ட வேண்டும். ஊரில் இருந்து வந்து ஆடை தொழிற்சாலையில் சேர்ந்து, ஆதார் அட்டையில் இன்னும் தமிழ்நாட்டு முகவரியே இருக்கும் பெண்ணுக்கு இலவச பஸ்சும் இல்லை. மெட்ரோ கட்டணமும் கைக்கு எட்டாது. தலைக்கு மேலே ரெயில் போகும். அவர் கீழே டிக்கெட் வாங்கிக்கொண்டு பஸ்சில் போவார். ரெயில் விடுவதோடு வேலை முடிந்துவிடவில்லை என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஓசூர் வரை வருமா?

பொம்மசந்திராவில் இருந்து ஓசூருக்கு சுமார் 20 கிலோ மீட்டர். மெட்ரோவை அத்திப்பள்ளி வழியாக ஓசூர் வரை நீட்ட வேண்டும் என்பது பல ஆண்டு கோரிக்கை. 2022-ம் ஆண்டு கர்நாடக அரசு ஆய்வுக்கு சம்மதம் சொன்னது. சென்னை மெட்ரோ ரெயில் நிறுவனம் ஆய்வு நடத்தியது.

இங்கே குறுக்கே வந்தது மின்சாரம். மஞ்சள் பாதையில் தண்டவாளத்தின் பக்கத்தில் ஓடும் மூன்றாவது கம்பியில் இருந்து 750 வோல்ட் நேர் மின்சாரம் எடுக்கிறார்கள். ஓசூர் பாதைக்கு யோசித்ததோ, தலைக்கு மேலே கம்பி கட்டி 25 ஆயிரம் வோல்ட் மாறு மின்சாரம். ஒரே ரெயில் இரண்டிலும் ஓடாது. தொழில்நுட்பப்படி இணைப்பு சாத்தியம் இல்லை என்று 2025-ம் ஆண்டு பெங்களூர் தரப்பு கருத்து தெரிவித்தது.

நேர் ரெயில் இல்லாவிட்டால் என்ன? பொம்மசந்திராவில் இறங்கி, எதிர் பிளாட்பாரத்தில் வேறு ரெயில் ஏறினால் போதும் என்பதே தினசரி பயணிகளின் எண்ணம். இரண்டு மாநிலமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து முதலிலேயே வோல்ட் கணக்கைப் பேசியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

பாடம் படிப்பார்களா?

தாமதம் பெங்களூருக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. கல்கத்தா மெட்ரோவுக்கு 1972-ல் அடிக்கல் நாட்டி 1984-ல்தான் முதல் ரெயில் ஓடியது. சென்னையில் வேளச்சேரிக்கும் பரங்கிமலைக்கும் நடுவே வெறும் 5 கிலோ மீட்டர் பறக்கும் ரெயில் பாதை, 2008-ல் தொடங்கி 15 ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது.

பெங்களூரிலேயே அடுத்த பரீட்சை நடக்கிறது. 148 கிலோ மீட்டர் புறநகர் ரெயில் திட்டத்துக்கு 2022-ம் ஆண்டு ஜூன் 20-ந் தேதி அடிக்கல் நாட்டியபோது, 40 மாதத்தில் முடிப்போம் என்றார்கள். 2025-ம் ஆண்டு அக்டோபரோடு 40 மாதம் முடிந்தது. ஒரு ரெயிலும் ஓடவில்லை. அந்த ஆண்டிலேயே இரண்டு பாதைகளின் ஒப்பந்தக் கம்பெனி வேலையை விட்டு விலகிவிட்டது. அதில் ஒரு பாதை சந்தாபுரா பக்கத்தில் உள்ள ஹீலலிகேயில் தொடங்குவது. அதுவும் ஓசூர் ரோட்டு மக்களுக்கான ரெயில்தான்!

மஞ்சள் பாதை காட்டிய பாடம் பெரிய தத்துவம் அல்ல. தூண் எழுப்பும் அன்றே பெட்டிக்கும் வழி செய்ய வேண்டும். ஒரு வழி அடைபட்டால் ஆண்டுக்கணக்கில் நோட்டீஸ் அனுப்பிக்கொண்டிராமல் மறு வழி தேட வேண்டும். தேதி சொன்னால் அந்தத் தேதிக்கு ஒருவர் பொறுப்பு ஏற்க வேண்டும்.

15 ரெயில்களும் வந்து, ஷிப்டு நேரத்துக்கு சில நிமிடத்துக்கு ஒரு ரெயில் ஓடி, கட்டணம் கூலிக்காரர் கைக்கு அடங்கினால்தான் ரூ.7 ஆயிரத்து 160 கோடி முழுப் பலன் தரும். ஓசூர் ரோட்டில் பஸ்சுக்கு நிற்பவர்கள் கேட்பது அவ்வளவுதான்.